புரதம் பெல்லட்டிலேயே தங்கிவிடுகிறதா? முதலில் ஃபிளாஸ்கைக் குளிரவையுங்கள்

கேள்வி: முதுகலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன். எலைசா சோதனைக்காக (ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது) கொரோனா வைரஸின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை ஈ.கோலை பிஎல்21(டிஇ3) செல்களில் தயாரிக்கிறேன். மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) பெட்-28ஏ. 1 லிட்டர் ஃபிளாஸ்கில் அரை லிட்டர் எல்பி ஊடகம் (செல்களுக்கான உணவுக் கரைசல்). 37 டிகிரியில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்) சேர்த்து 4 மணி நேரம் வளர்த்தால் ஜெல்லில் பட்டை தடிமனாக வருகிறது. ஆனால் பெரும்பகுதி பெல்லட்டில்தான், அதாவது செல்களை உடைத்துச் சுழற்றினால் அடியில் படியும் திடப்பகுதியில். எதை மாற்றுவது?

பதில்: பட்டை தடிமனாக வருகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. உங்கள் செல்கள் புரதத்தைச் செய்கின்றன, செய்கிற வேகத்துக்கு மடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தச் செல்களில் மரபணுவைப் படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் நொதியின் வேகம் அப்படி.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். செல் சரியாக உடையாவிட்டாலும் புரதம் பெல்லட்டோடுதான் போகும். சோனிகேட் செய்த (ஒலியலையால் செல்களை உடைத்த) பிறகு கலவை பால்போல் இல்லாமல் ஓரளவு தெளிந்திருக்க வேண்டும். பிப்பெட்டில் எடுத்தால் கஞ்சிபோல் இழுக்கக் கூடாது.

அது சரியாக இருந்தால் வெப்பநிலைக்கு வாருங்கள். 37 டிகிரியில் ஓடி (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வரும்வரை வளர்த்துவிட்டு 18 டிகிரிக்கு இறக்குங்கள். ஐபிடிஜி 0.2 மில்லிமோலார் போதும். அப்புறம் இரவு முழுக்க, 16 மணி நேரமாவது ஆடட்டும். இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஷேக்கரில் 18 என்று வைத்த கையோடு ஐபிடிஜியை ஊற்றிவிடுவார்கள். திரையில் 18 காட்டும். ஃபிளாஸ்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டிலேயே புரதம் திரண்டுவிடும். ஐஸ் கலந்த தண்ணீரில் ஃபிளாஸ்கை வைத்துச் சுழற்றி, உள்ளே இருக்கும் திரவம் உண்மையிலேயே குளிர்ந்த பிறகு ஐபிடிஜி சேருங்கள்.

அரை லிட்டர் அதிகம். 1 லிட்டர் ஃபிளாஸ்கில் 200 மில்லிக்கு மேல் வேண்டாம். காற்று போதாமல் செல்கள் திணறும். விளைச்சல் போதவில்லை என்று சத்து அதிகமுள்ள டிபி ஊடகத்துக்கு மாறினால், பிளாஸ்மிட் உள்ள செல்களை மட்டும் வாழவிடும் ஆன்டிபயாட்டிக்கான கானமைசினை 50-இலிருந்து மில்லிக்கு 100 மைக்ரோகிராமாக உயர்த்துங்கள். பாஸ்பேட் அதிகமுள்ள ஊடகத்தில் பிளாஸ்மிட் இல்லாத செல்களும் கானமைசினைத் தாங்கி வளர்ந்துவிடும்.

இந்தப் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமே கிடையாது, அதனால் சிஸ்டீன்களுக்கு இடையே உருவாகும் டைசல்பைடு பிணைப்பின் தொல்லை இல்லை. இதுவே ஸ்பைக் புரதத்தின் ஏற்பிப் பிணைப்புப் பகுதியாக இருந்தால், ஈ.கோலையை விட்டுவிட்டு மனிதச் செல்களுக்குப் போங்கள் என்றிருப்பேன். அதற்காக ஈ.கோலையை மட்டமாக நினைக்க வேண்டாம்: சீனாவில் 2011-இல் அனுமதி பெற்ற ஹெபடைட்டிஸ் ஈ தடுப்பூசியின் புரதம் ஈ.கோலையில்தான் தயாராகிறது.

உங்கள் புரதத்துக்கு வேறொரு குணம் உண்டு. ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்வதே அதன் தொழில்; பாக்டீரியாவின் ஆர்என்ஏவையும் விடாது. சுத்திகரித்த பின் 260/280 விகிதத்தைப் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) பாருங்கள். 0.6 பக்கம் இருந்தால் நல்லது. 1.5, 2 என்று வந்தால் கூடவே ஆர்என்ஏ வந்திருக்கிறது. உடைக்கும் கரைசலிலேயே ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி சேர்த்து, புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் பத்தியை 1 மோலார் உப்புக் கரைசலால் தாராளமாகக் கழுவுங்கள். ஈ.கோலைப் புரதங்கள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் எலைசாவில் பின்னணி (பொய்ச் சமிக்ஞை) ஏறும். நம் எல்லோர் ரத்தத்திலும் ஈ.கோலைக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதே!

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். 50 மில்லி அளவில் 18, 25, 37 என மூன்று வெப்பநிலைகளை மட்டும் ஓட்டி, ஒரே ஓடி அளவு செல்களை எடுத்து உடைத்து, பெல்லட்டையும் மேல்திரவத்தையும் ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐபிடிஜி சேர்க்கும் முன் எடுத்த மாதிரிக்கும் ஒரு குழி விட்டுவையுங்கள்.