பழைய லொறிக்கு எந்த ஸ்ரியறிங் வீல்? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: அப்பா வைத்திருந்த 1960களின் பெட்போர்ட் லொறியைத் திரும்ப ஓட வைக்கிறோம். எஞ்சின், பிரேக் வேலை முடிந்துவிட்டது. ஸ்ரியறிங் வீல் 18 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 14 அங்குல ஸ்போர்ட்ஸ் வீல் போட்டால்தான் வடிவு என்று தம்பி நிற்கிறான். போடலாமா?
(வாசகர், கோப்பாய்)

பதில்: 14 வேண்டாம். பவர் ஸ்ரியறிங் இல்லாத லொறிக்கு அந்தப் பெரிய வட்டம் அழகுக்காக வைத்ததல்ல. அதுதான் உங்கள் நெம்புகோல். வட்டம் சிறுத்தால் கை கொடுக்க வேண்டிய பலம் அதே விகிதத்தில் ஏறும். 18 அங்குல வீலைத் திருப்ப றிம்மில் 10 கிலோ இழுவை தேவை என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குலத்தில் அது 11 கிலோவைத் தாண்டும், 14 அங்குலத்தில் 13 கிலோவை எட்டும். ஏ-9 வீதியில் ஒரே ஓட்டமாய்ப் போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. சுன்னாகம் சந்தையடியில் மூட்டையோடு பின்னுக்கெடுத்துத் திருப்பும்போது தோளில் தெரியும்.

இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள். சின்ன வீல் போட்டதும் "பிளே (வீலின் வெற்று ஆட்டம்) குறைந்துவிட்டது" என்று பலர் சந்தோசப்படுகிறார்கள். 18 அங்குலத்தில் 2 அங்குலம் ஆடிய வீல், 14 அங்குலத்தில் ஒன்றரை அங்குலமே ஆடுவதாகத் தெரியும். ஸ்ரியறிங் பெட்டிக்குள் தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் குறைந்திருக்கிறது. ஆகவே வீலைத் தொடமுன் பிளேயைப் பாருங்கள். ஒருவர் வீலை மெல்ல இடம் வலமாக அசைக்க, மற்றவர் கீழே படுத்து ட்ரொப் ஆம் (பெட்டியிலிருந்து இறங்கும் கை), இழுவைக் கம்பியின் பந்து முனைகள், கிங் பின் (முன் சில்லு திரும்பும் அச்சாணி) என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். அசைவு எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு. பெட்டியின் அட்ஜஸ்ட் ஸ்குறூவை அந்தரப்பட்டு இறுக்க வேண்டாம். உள்ளே வோம் (திருகுப் பல் தண்டு) நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் பிளே போகும்வரை இறுக்கினால், வளைவில் திருப்பும்போது பிடித்துக்கொண்டு வீல் தானாகத் திரும்பி வராது.

மாற்றியே ஆகவேண்டுமென்றால் 16 அங்குலம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். வாங்கமுன் ஒரு கார்ட்போர்ட் மட்டையில் 16 அங்குல வட்டம் வெட்டிப் பழைய வீலின்மேல் கட்டிவிட்டு இருந்து பாருங்கள். வேகமானியும் எண்ணெய் அழுத்த மானியும் மறைகின்றனவா? கிளச்சை மிதிக்கும்போது தொடை முட்டுகிறதா? கதவின் கண்ணாடிக் கைப்பிடிக்கும் விரல் மொளிக்கும் இடையில் இரண்டு அங்குலம் கிடைக்கிறதா? குழிந்த வகை வீல் உங்கள் பக்கமாக இரண்டு மூன்று அங்குலம் வெளியே வரும். அந்தக் காலத்து லொறிகளில் ஸ்ரியறிங் தண்டு பெரும்பாலும் மடங்காத ஒற்றைக் கம்பி, எயார் பேக்கும் கிடையாது. நெஞ்சுக்கும் வீலின் நடுவுக்கும் 25 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும். லொறிக்குத் தட்டையான வீலே சரிவரும்.

கேள்வி: மொறிஸ் மைனர் பிக்கப்புக்கு ஒரு மர றிம் வீல் கிடைத்திருக்கிறது. "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கடையில் ஒரு பொஸ்ஸும் (வீலைத் தண்டோடு இணைக்கும் நடுத்துண்டு) தருகிறார்கள். நம்பலாமா?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொஸ் என்று ஒன்று இல்லை. பொஸ்ஸுக்கு இரண்டு முகம். ஒன்று தண்டோடு சேர்வது, மற்றது வீலோடு சேர்வது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

தண்டுப் பக்கம்: பற்களின் வெளி விட்டத்தை வேர்னியரால் எடுங்கள். பிறகு மெல்லிய தாளைத் தண்டைச் சுற்றிப் பிடித்து, பென்சிலைச் சரித்துத் தேயுங்கள். பற்கள் கோடுகளாக விழும். தாளை விரித்து இரண்டு தரம் எண்ணுங்கள். விட்டம் ஒன்றாக இருந்து பல் எண்ணிக்கை ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டால், பொஸ் அரைவாசி ஏறி, நட் இறுக இறுகப் பற்களைச் சிதைத்துக்கொண்டு உட்காரும். இறுகியதுபோலத்தான் இருக்கும். ஒருநாள் திருப்பத்தில் வீல் மட்டும் சுற்றும், ரயர் சுற்றாது. இடைவெளிக்குப் பால்மா ரின் தகட்டை வெட்டிச் செருகுவதும் பல்லை அரத்தால் ராவுவதும் உயிரோடு விளையாடுவது.

வீல் பக்கம்: ஆறு துளை வீல்களில் எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் மோமோ, ஸ்பார்கோ வகைக்கு 70 மில்லிமீற்றர் வரும், நார்டி வகைக்கு 74 வரும். நாலு மில்லிமீற்றர்தானே என்று துளையை இழுத்துப் பெருப்பித்தால் ஸ்குறூத் தலை சரிந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தளரும். 5 மில்லிமீற்றர் அலன் ஸ்குறூ ஆறையும் எதிரெதிராக, கைச் சாவியால் மட்டும் இறுக்குங்கள். இழைக்கு நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு துளி போதும்.

லேத்தில் பொஸ் செய்விக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளி உருவத்தைக் கடையலாம். உள்ளே பல் வெட்டுவது சாதாரண லேத்தால் முடியாது, அதற்கு ஸ்லொட்டிங் மெசினோ புறோச்சோ வேண்டும். உடைந்த பழைய வீலின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துத் தகட்டை வெல்டிங்கால் ஒட்டுகிற வழக்கமும் உண்டு. அந்த நடுப்பகுதி உருக்காக இருந்து, ஒட்டுகிறவர் கை தேர்ந்தவராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். வார்ப்பு அலுமினியமென்றால் விட்டுவிடுங்கள்.

கழற்றும் விதம்: பற்றறி வயரை எடுத்துவிட்டு ரயர்களை நேராக வையுங்கள். ஹோர்ன் மூடியை எடுத்து, தண்டிலும் வீலிலும் ஒரே நேரில் சென்ரர் பஞ்சால் புள்ளி குத்துங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று இழையில் விட்டு, முதல்நாள் இரவே துரு எண்ணெய் விட்டு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுங்கள். நட் நிற்காவிட்டால் வீல் விடுபடும்போது முகத்தில் அடிக்கும். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. இழை பூவாய் விரியும், அடி நேரே உள்ளே இருக்கும் பெயறிங்கில் போய் விழும். புதிய வீல் பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டையும் ஆறு ஸ்குறூவையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: பழைய கறுப்பு வீல் ஏழெட்டு இடத்தில் வெடித்திருக்கிறது. உறை போட்டு மூடலாமா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: மூடாதீர்கள், திருத்துங்கள். பழசை வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நல்ல தெரிவு. உறைக்குள் வியர்வையும் கடற்கரை உப்பும் தங்கி உள் கம்பியை அரிக்கும். உறை வழுக்கிச் சுழன்றால் பிடியும் போய்விடும்.

வெடிப்பதற்குக் காரணம் வெயில். உள்ளே உருக்கு, வெளியே கெட்டிப் பிளாஸ்ரிக். இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, பிளாஸ்ரிக் வயது போகப்போகச் சுருங்கவும் செய்யும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கொழுப்பைக் கழுவி உலர்த்துங்கள். தின்னர் வேண்டாம், சில பழைய பிளாஸ்ரிக்கை அது இளக்கும். முக்கோண அரத்தால் ஒவ்வொரு வெடிப்பையும் உருக்குத் தெரியும்வரை வி வடிவில் திறவுங்கள், வாயில் 3, 4 மில்லிமீற்றர் அகலம் வேண்டும். மேலோட்டமாகப் பூசினால் அடுத்த சித்திரை வெயிலில் அதே கோட்டில் வெடிக்கும். துருவைச் சுரண்டி, இரு பகுதி எபொக்ஸியைச் சிறிது சிறிதாகக் குழைத்து அமத்தி, மேலே கொஞ்சம் பிதுங்க விடுங்கள். மத்தியான வெக்கையில் சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே காலையில் செய்யுங்கள். 24 மணித்தியாலம் விட்டு 80, 180, 320, 600 என்று உப்புத்தாள் போடுங்கள் (முகக்கவசத்தோடு). கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு விரலுக்குத் தெரியும். பிறகு எபொக்ஸி பிறைமர், அதன்மேல் இரு பகுதிப் பெயின்ற் மெல்லிசாக மூன்று தரம். ஒரு கிழமை கழித்தே ஓட்டுங்கள். வாகனத்தின் பொடிக்குப் பூசும் புட்டி இதற்கு உதவாது. வீல் முறுகும்போது நொறுங்கும். ஆரக்கால் உலோகமே வெடித்திருந்தால் மட்டும் அந்த வீலைக் கைவிடுங்கள்.

கேள்வி: வீல் மாற்றியபின் வளையும்போதெல்லாம் ஹோர்ன் தானாக அடிக்கிறது.
(வாசகர், நல்லூர்)

பதில்: ஹோர்னின் தொடு முள் வளையத்தின் நடுவில் உட்காரவில்லை, அல்லது பொஸ்ஸின் உலோகத்தில் வயர் உரசுகிறது. வயரின் தோலைப் பாருங்கள். றிலே போடுகிறீர்களென்றால், பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் வாகனத்தின் பொடியில் (உலோக உடலில்) இணைந்திருக்கும். முதலில் அதை உறுதிப்படுத்துங்கள். உள்ளே டையோட் உள்ள றிலேயை மாறிக் கொடுத்தால் எரியும்.

கேள்வி: நேரே போகும்போது வீல் சரிந்து நிற்கிறது. ஒரு பல் தள்ளிப் பூட்டட்டுமா?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: அவசரப்பட வேண்டாம். 36 பல் தண்டில் ஒரு பல் என்பது 10 பாகை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் வீலை நிறுத்துங்கள். அப்போது வீல் நேராக இருந்து ரயர் சரிந்திருந்தால் இழுவைக் கம்பியின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும். ரயர் நேராக இருந்து வீல் மட்டும் சரிந்திருந்தால்தான் பல்லை மாற்றுங்கள்.