மத்தளம் நின்றால் என்ன செய்வது?

வணக்கம் ஐயா. நான் மட்டக்களப்பு, வவுணதீவுப் பக்கம். ஊர்க் கூத்தில் முதன்முறையாக எனக்குச் சட்டம், அதாவது ஆடுகிற பாத்திரமும் அதன் பாட்டும், தந்திருக்கிறார்கள். கூத்தின் இரண்டு மோடிகளில் வடமோடி. பழக்கத்தில், அதாவது ஒத்திகையில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி எல்லாருக்கும் முன்னால் என்னைத் திருத்துகிறார். நேற்று மட்டும் ஆறு தரம். காரணம் சொன்னால் இன்னும் ஏசுகிறார். என்னோடு ஆடுகிறவனை இவ்வளவு மறிப்பதில்லை. முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டி ஆடும் சதங்கை அணிக்கு மூன்று கிழமைதான் இருக்கு. எனக்கு இது சரிவராதோ?
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆறு தரம் மறித்தார் என்கிறீர்கள். ஆறும் வேறு வேறு பிழையா, ஒரே பிழை ஆறு தரமா? வேறு வேறு என்றால் நீங்கள் பழகிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரே பிழை என்றால் அவர் சொன்னது உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் பாட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி, எந்தத் தருவில் (ஆட்டப் பாட்டில்) எந்த அடி, அவர் சொன்ன சொல் ஆகிய மூன்றையும் அன்றிரவே எழுதுங்கள். ஒரு கிழமையில் தெரிந்துவிடும்.

காரணம் சொன்னதும் அவர் ஏசுவது ஏன்? மத்தளம் நின்றிருக்கிறது, சல்லரி என்ற கைத்தாளம் போடுகிறவரும், பாட்டைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் காத்திருக்கிறார்கள். உங்கள் காரணம் உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்லும் நேரம் பழக்கம் முடிந்த பிறகு. அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எந்த அடியில அண்ணாவி? ஒருக்கா ஆடிக் காட்டுங்க.” “ஆட்டம் சரியில்ல” என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் திருந்த முடியாது. “மூன்றாவது அடியில கால் பிந்துது” என்றால் முடியும். அந்த விவரத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. வாங்கியதும் அங்கேயே, சல்லரிக்கு மட்டும், மெதுவாக மூன்று தரம் ஆடுங்கள். பிறகு மத்தளத்துக்கு ஆடுங்கள்.

இன்னொன்று, பலர் தடுக்கி விழும் இடம் இது. பிழை தெரிகிற இடமும் பிறக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. “குரல் எடுபடல்ல” என்பார் அண்ணாவியார். புதிதாக ஆடுகிறவர் உடனே கத்திப் பாடுவார், இரண்டு வரியில் மூச்சு முடிந்துவிடும். உண்மையில் அந்தப் புதியவர் பாட்டு வரி முடியுமுன்பே காலை அகல வைத்து மூச்சைக் காலில் செலவழித்திருப்பார். அடியைச் சுருக்கினால் குரல் தானாக வரும். அதனால் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கு முந்திய அடியில் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள்.

எல்லாருக்கும் முன்னால் திருத்துவது நோகும்தான். ஆனால் நீங்கள் பிந்தினால் பின்னால் வருகிறவர் முட்டுவார், பிற்பாட்டு இழுபடும். பிழை கூட்டத்துக்குள் நடக்கிறது, திருத்தமும் அங்கேதான் நடக்க முடியும். அதோடு வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். உங்கள் முதுகை நீங்கள் பார்க்க மாட்டீர்கள், அவர்கள் பார்ப்பார்கள். இன்றைக்கு அண்ணாவியாரின் கண்தான் அந்தச் சனத்தின் கண். அவர் சம்மதித்தால், ஒருவரைப் பின்பக்கமாக நிறுத்திக் கைபேசியில் இரண்டு நிமிடம் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், காலை மட்டும் பாருங்கள்.

கூட ஆடுகிறவன் எத்தனை தரம் மறிபட்டான் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அவனுடைய சட்டம் வேறு.

ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். தென்மோடி ஆடிப் பழகிய பெரியவர் சொல்வது அவருடைய மோடிக்குச் சரியாக இருக்கும், உங்கள் ஆட்டத்தைக் குழப்பும். “அண்ணாவியிட்ட கேட்டுட்டுச் செய்றன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாட்டுச் சொல்லில் சந்தேகம் என்றால் கூத்தின் முழுப் பாட்டுக் கொப்பியை வைத்திருந்து பார்ப்பவரிடம் போங்கள்.

ஏச்சு எல்லாம் திருத்தம் அல்ல. உங்கள் உடம்பையோ குடும்பத்தையோ சாதியையோ இழுத்தால் அதைத் தாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தனியாகப் போய், “ஆட்டத்தைச் சொல்லுங்க அண்ணாவி, மற்றதச் சொல்லாதீங்க” என்று நேரே சொல்லலாம்.

மூன்று கிழமை போதும், ஆனால் வரிசை முக்கியம். சதங்கை கட்டிவிட்டால் பிந்திய கால் கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் தெரியும். ஆகவே இப்போது காலை மட்டும் எடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு திருத்தத்துக்கு மேல் வேண்டாம். கையும் முகமும் அதன் பிறகு. முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடி அடுக்குப் பார்க்கிற நாளில் ஆட்டத்தை மாற்றப் போனால் எல்லாருக்கும் குழம்பும், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நாளைப் பழக்கம் கலைந்ததும் அண்ணாவியாரிடம் போய், “இண்டைக்கு என்ன திருந்தியிருக்கு, மறுகாவும் எது பிழைக்குது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.