ரெசிபியில் 'பெப்பர்' என்றால் மிளகா, குடைமிளகாயா?

வாசகி ஒருவரின் கேள்வி: "ஆங்கில ரெசிபி ஒன்றைப் பார்த்துச் சமைக்க ஆரம்பித்தேன். பொருட்களின் பட்டியலில் மேலே 'டூ பெப்பர்ஸ்', கீழே 'ஹாஃப் அ டீஸ்பூன் பெப்பர்' என்று இருக்கிறது. பெப்பர் என்றால் மிளகு என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் செய்முறையில் அந்த இரண்டு பெப்பரையும் விதை நீக்கி நறுக்கச் சொல்கிறார்கள். மிளகில் எதை நறுக்குவது? அகராதியோ மிளகு, மிளகாய், குடைமிளகாய் என மூன்றையும் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?"

உங்கள் ரெசிபியில் மேலே இருப்பது குடைமிளகாய், கீழே இருப்பது மிளகுத்தூள். அகராதி சொல்லும் மூன்று பொருளும் சரியே. எந்த இடத்தில் எது என்பதைத்தான் அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க, பொருளைத் தேடுவதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பாருங்கள்.

சொல்லுக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணோ, 'அ' என்ற சிறு சொல்லோ இருந்தால், அல்லது கடைசியில் 'ஸ்' ஒட்டியிருந்தால், அது காய். 'அ பெப்பர்', 'த்ரீ பெப்பர்ஸ்' எல்லாம் இந்த வகை. எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவில் டீஸ்பூன், சிட்டிகை என்று அளவு வந்தாலும், அல்லது 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று வெறுமனே வந்தாலும் அது மிளகு. உப்பை ஒன்று இரண்டு என்று யாரும் எண்ணுவதில்லை அல்லவா, மிளகையும் ஆங்கிலம் அப்படித்தான் நடத்துகிறது. அப்படியானால் எண்ணிப் போட வேண்டிய முழு மிளகை எப்படிச் சொல்வது? அதற்குத் தனிச் சொல் உண்டு: 'பெப்பர்கார்ன்'. 'டென் பெப்பர்கார்ன்ஸ்' என்றால் பத்து மிளகு. இங்கே 'கார்ன்' என்பது மக்காச்சோளம் அல்ல, மணி என்ற பழைய பொருளில் வருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, தெரிந்துகொண்டால் சொல் மனதில் நன்றாக உட்காரும். ஐரோப்பியர்களுக்குக் காரம் என்றால் மிளகுதான். 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளுக்குப் போனபோது, அங்கே இருந்தவர்கள் காரத்துக்கு மிளகாயைப் பயன்படுத்தினார்கள். புதுக் காய்க்கும் பழைய மிளகின் பெயரே ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் உறவே கிடையாது. மிளகு ஒரு கொடியில் காய்ப்பது, மிளகாயும் குடைமிளகாயும் தக்காளி, கத்தரியின் குடும்பம். காரத்தைத் தரும் பொருளும் வேறு: மிளகில் பைப்பரின், மிளகாயில் கேப்சைசின். குடைமிளகாயில் கேப்சைசின் உருவாவதில்லை, அதனால்தான் அது உறைப்பதில்லை.

தமிழிலும் இதேதான் நடந்திருக்கிறது. மிளகு + காய் = மிளகாய். மிளகு போல உறைக்கும் காய் என்றுதான் நாமும் பெயர் வைத்தோம். ஆனால் நாம் 'காய்' என்று சேர்த்துச் சொல்லி இரண்டையும் பிரித்துவிட்டோம். ஆங்கிலம் அப்படி எதையும் சேர்க்கவில்லை. நம் 'காய்' செய்யும் வேலையை அங்கே அந்த எண்ணும் 'ஸ்' விகுதியும் செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காய் என்று தெரிந்துவிட்டது. உறைக்கும் காயா, உறைக்காத காயா? இது எழுதியவரின் நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் வெறும் 'பெப்பர்' என்றால் பெரும்பாலும் குடைமிளகாய், காரமானது 'சில்லி'. அமெரிக்கர்கள் குடைமிளகாயை 'பெல் பெப்பர்' என்பார்கள், மிளகாயை 'சிலி பெப்பர்' என்பார்கள். அங்கே 'அ போல் ஆஃப் சிலி' என்று வந்தால் அது ஒரு கிண்ணம் மிளகாய் அல்ல, இறைச்சியோ பீன்ஸோ சேர்த்துச் செய்யும் ஒரு குழம்பு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் குடைமிளகாய்க்கு 'காப்சிகம்' என்ற பெயர் இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

நிறம் சேர்ந்து வரும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். 'கிரீன் பெப்பர்' என்பதைப் பச்சை மிளகாய் என்று மொழிபெயர்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது பச்சை நிறக் குடைமிளகாய். பச்சை மிளகாய்க்கு 'கிரீன் சில்லி' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு குடைமிளகாய் போடவேண்டிய இடத்தில், அதே அளவுக்குப் பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டால் சாப்பிடவே முடியாது. 'ரெட் பெப்பர்' என்பது அதே குடைமிளகாய் பழுத்துச் சிவந்தது. ஆனால் 'ரெட் பெப்பர் ஃப்ளேக்ஸ்' என்றால் காய்ந்த மிளகாயை இடித்த பொடிசுகள். 'கயென் பெப்பர்' என்றால் பெரும்பாலும் மிளகாய்த்தூள். முன்னால் சொன்ன எண்ணிக்கை விதி இந்த இரண்டு இடங்களிலும் உதவாது, ஸ்பூன் அளவில் வந்தாலும் இவை மிளகாய்தான். இவற்றை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'பிளாக் பெப்பர்', 'ஒயிட் பெப்பர்' இரண்டிலும் சந்தேகமே வேண்டாம், ஒரே கொடியின் மிளகு. பழுக்காததைத் தோலோடு காயவைத்தால் கருப்பு, பழுத்ததின் தோலை நீக்கினால் வெள்ளை.

அப்புறம், இந்தச் சொல் சமையலறையோடு நிற்பதில்லை. வினைச்சொல்லாக வந்தால் தூவுவது, சரமாரியாகப் பொழிவது. நிருபர்கள் அமைச்சரைக் கேள்விகளால் துளைத்தார்கள் என்பதற்கு 'தே பெப்பர்ட் ஹிம் வித் குவெஸ்சன்ஸ்' என்பார்கள். நரையும் கருப்பும் கலந்த முடி 'சால்ட் அண்ட் பெப்பர் ஹேர்'. 'பெப்பர் ஸ்ப்ரே'யில் இருப்பது மிளகு அல்ல, மிளகாயின் காரச்சாறு. 'பெப்பர்கார்ன் ரெண்ட்' என்றால் பெயருக்கு வாங்கும் வாடகை. ஒப்பந்தம் செல்லுபடியாக ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு மிளகை வாடகையாக எழுதிவைத்த பழைய ஆங்கிலேய வழக்கத்திலிருந்து வந்தது இது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'பெ' குறில். நெடிலாக்கினால் 'பேப்பர்' ஆகி, காகிதம் என்று பொருள் மாறிவிடும். குறிலும் நெடிலும் தமிழில் தனித்தனியாக இருப்பதால் இந்த வேறுபாடு நம் வாய்க்குப் பழகியதுதான். அழுத்தம் முதல் அசையில். பிரிட்டிஷ் உச்சரிப்பில் கடைசி 'ர்' காதில் விழாது. சாப்பாட்டு மேசையில் மிளகுத்தூளைக் கேட்க 'குட் யூ பாஸ் த பெப்பர், ப்ளீஸ்?' போதும், 'பெப்பர்ஸ்' என்று சொல்லாதீர்கள்.