ஆலைக்குள் நிறுவனத்தின் நிறம் எதுவரை செல்லலாம்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நிறம் சிவப்பு. புதிய ஆலையில் தூண்கள், கதவுகள், பாதுகாப்புப் பலகைகள் அனைத்தையும் அதே சிவப்பில் அமைத்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார் பலகை செய்துதரும் ஒப்பந்ததாரர். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். பெயர்ப்பலகையும் வரவேற்பறையும் உங்கள் விருப்பம்; பாதுகாப்புப் பலகைகளின் நிறத்தை பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 3864, 7010 ஆகிய தரநிலைகள் முன்பே முடிவு செய்துவிட்டன. குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம் தடையையும், மஞ்சள் முக்கோணம் ஆபத்தையும், நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியதையும், பச்சை வெளியேறும் வழியையும் முதலுதவியையும், சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவியையும் குறிக்கும். எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவரும் அந்த வடிவத்தையும் நிறத்தையும் கொண்டே புரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் நிறம் சிவப்பாக இருப்பதால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது தூண்களுக்கும் சிவப்பு அடித்துவிட்டு, அவற்றில் ஒன்றில் தீயணைப்பானை மாட்டினால், புகை சூழ்ந்த நேரத்தில் அதைத் தேடி ஓடுபவரின் கண்ணுக்கு இருபதும் ஒன்றுபோலவே தெரியும். முகப்பு, வரவேற்பறை, கூட்ட அறை ஆகிய இடங்களில் சிவப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உற்பத்திக்கூடத்துக்குள்ளும் அது வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், கூரையை ஒட்டி ஒரு பட்டையாக மட்டும் அடிக்கலாம். அந்தப் பட்டையும் தீயணைப்பான் இருக்கும் சுவரில் வரக்கூடாது. அந்தச் சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும்.

அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: எவ்வளவு தொலைவிலிருந்து தெரிய வேண்டுமோ, அதில் நூறில் ஒரு பங்காவது பலகையின் உயரம் இருக்க வேண்டும். இருபது மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்.

இனி ஒப்பந்ததாரர் விஷயம். சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குபவர் பலகையைப் பெரிதாக்கவும் எண்ணிக்கையைக் கூட்டவுமே யோசனை சொல்வார். பளபளக்கும் லேமினேஷனை உயர்தரம் என்று காட்டுவார்; கூரை விளக்கின் ஒளி அதில் பட்டுத் தெறிக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குத் தெரிவது வெறும் வெள்ளைத் திட்டுதான். 'ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் கொடுத்த பலகை' என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அந்த அமைப்பு தரநிலைகளை வெளியிடுகிறதே தவிர எவருக்கும் எதற்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. வெக்டர் கோப்புகளையும் (எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வரைபடக் கோப்புகள்), நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பான்டோன் அல்லது ஆர்.ஏ.எல். எண்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளை ஒரு கதவை இடம் மாற்றினாலும் புதிய அம்புக்குறிக்கு அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

பலகைகள் இப்படித் தேவையின்றிப் பெருகுவதற்குப் பரிசோதிக்க வருபவர்களும் உடந்தை என்றே சொல்வேன். பலகை இருக்கிறதா என்று பட்டியலில் குறியிடுகிறார்களே ஒழிய, அது கண்ணில் படுகிறதா என்று நின்று பார்ப்பவர் அரிது. ஆடிட்டுக்கு முந்தைய வாரம் சுவரெங்கும் பலகைகள் முளைப்பது அதனால்தான்.

செய்யக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு பலகையையும் அதன் உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, உரிய இடத்தில் ஒட்டுங்கள். பிறகு சரக்கு ஏற்றி நிறுத்திய ஃபோர்க்லிஃப்ட்டின் இருக்கையில் அமர்ந்து பாருங்கள். சரக்கு மறைத்தால் தாளைப் பிய்த்துச் சற்று மேலே ஒட்டிவிட்டு மீண்டும் அமர்ந்து பார்க்கலாம். சுவரில் துளையிடுவது அதற்குப் பிறகு போதும்.