தொடுவதற்கு முன் கேளுங்கள்: உடல்வழி உளச்சிகிச்சை, கேள்வி பதில்

சென்னையில் உடல்வழி உளச்சிகிச்சை செய்கிறேன். தெரபிஸ்ட் தனக்கே தெரியாமல் சுமந்துவரும் முன்முடிவுகள் சிகிச்சை அறைக்குள் என்ன செய்கின்றன என்பதுதான் இன்றைய தலைப்பு. கேளுங்கள்.

கீதா, கோவை: மேடம், இது யோகாவா, மசாஜா?

இரண்டும் இல்லை. பேச்சோடு சேர்த்து மூச்சு, தசை இறுக்கம், உட்காரும் விதம், அசைவு எல்லாவற்றையும் கவனிக்கும் உளச்சிகிச்சை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வட்டத்தில் இருந்த வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசையில் கவசமாக இறுகுகிறது என்று 1930களில் சொன்னார். அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் அதை நியூயார்க்கில் வளர்த்தார். அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடல்கள். நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பயிற்சி மாணவி, மதுரை: கண்ணைப் பார்த்துப் பேசாத, தோள் குறுகிய ஒரு பெண்மணி என்னிடம் வருகிறார். 'தவிர்க்கும் போக்கு, ஆழமான அவமான உணர்வு' என்று எழுதச் சொல்கிறார் என் மேற்பார்வையாளர்.

எழுதாதீர்கள். முதலில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: பார்வை தரையில், தோள் முன்பக்கம் வளைந்திருக்கிறது. அர்த்தத்தைத் தனியாக, கேள்விக்குறி போட்டு எழுதுங்கள். படித்தவர் என்று உங்களை மதிப்பவர் உங்கள் கண்ணை நேராகப் பார்க்காதது வெறும் மரியாதையாக இருக்கலாம். தோள்? அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டீர்களா? பீடி சுற்றும் பெண்ணின் தோளில் சிறுவயது அவமானத்தைத் தேடுவதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கிறார் என்று கேளுங்கள்.

முகத்தைப் பார்த்தே உணர்ச்சியைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் இருக்கும் சான்றுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே கோபம் ஆளுக்கு ஆள், சூழலுக்குச் சூழல் வேறு முகம் காட்டுகிறது. முகத்துக்கே இந்தக் கதி.

மறுபக்கமும் உண்டு. உடம்பில் வருவதை மட்டமாக நினைப்பதும் முன்முடிவுதான். போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், துயரம் அங்கே உடல்வலியாகவும் பெருமூச்சாகவும் வெளிப்படுவதைப் பதிவுசெய்திருக்கிறார். 'இவர்களுக்கு உணர்ச்சியைச் சொல்லத் தெரியாது, அதனால் உடம்பில் வருகிறது' என்று உங்கள் பாடநூலில் இருந்தால் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

அப்புறம், "உடல் பொய் சொல்லாது" என்று பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதை. கேட்காமலே உங்களைப் படித்துவிட்டதாக நினைப்பவர்கள் அவர்கள்.

நவீன், பெங்களூரு: ஹார்வர்டு தளத்தில், நமக்கே தெரியாத சாய்வை அளக்கப் பார்க்கும் உள்ளுறை சார்புத் தேர்வு செய்தேன். வெளிர்நிறத் தோல் மீது பலமான சாய்வு என்று வந்தது. இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்லையா?

1998இல் அறிமுகமான தேர்வு அது. அதே ஆள் இன்னொரு நாள் செய்தால் மதிப்பெண் மாறிவிடும். தனி ஒருவருக்குத் தீர்ப்பு எழுத அது போதாது. உங்கள் பழைய செஷன் குறிப்புகளை எடுங்கள். ஒரே மாதிரி மௌனத்துக்கு யாரைக் 'கூச்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள், யாரை 'ஒத்துழைக்கவில்லை' என்று? நிறமோ, படிப்போ, ஊரோ எது விளையாடுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

சுந்தர்: இது யோகாதானே?

கீதாவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம்: தெரபிஸ்ட் கேட்காமல் முதுகில் கை வைத்தார். பிடிக்கவில்லை, சொல்லவும் முடியவில்லை.

கேட்காமல் தொட்டது தவறு. சொல்லத் தயங்கியது உங்கள் தவறு இல்லை. தொடாமலே செய்யும் முறைகள் நிறைய இருக்கின்றன. அதைக் கேளுங்கள், மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். தெரபிஸ்ட்களுக்கு ஒன்று: ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அதுவும் போதாது. பெரியவர்கள் கேட்டால் 'சரி' என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். முதல் செஷனிலேயே 'வேண்டாம்' சொல்லிப் பழக்குங்கள். இந்த நாட்டில் தொடுவதிலும் தொடாமல் விடுவதிலும் சாதி இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ராகவன்: எதற்கெடுத்தாலும் சாதியா? என் அறையில் நான் யாரிடமும் சாதி கேட்பதில்லை.

கேட்கவே வேண்டாம், ராகவன். பெயர், ஊர், தெரு, பேச்சுவழக்கு. ஐந்து நிமிடத்தில் மனம் கணக்குப் போட்டுவிடும். அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை 1950லேயே ஒழித்துவிட்டது. உடம்பு பழகியதைச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் மாற்றாது.

ராகவன்: தள்ளி உட்கார்ந்தால் சாதி, கிட்ட வந்தால் அத்துமீறல். எதைச் செய்தாலும் குற்றமா?

செல்வி: ராகவன் சார், நான் தலித். குழு வகுப்பில் மற்றவர்களுக்கு விலாவில் கை வைத்து மூச்சுப் பயிற்சி காட்டுவார்கள். எனக்கு வாயால் மட்டும். சாதிதான் காரணமா என்று இன்றுவரை தெரியாது. எப்படிப் போய்க் கேட்பது?

செல்வி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள், ராகவன். யாரையும் நான் குற்றவாளி ஆக்கவில்லை. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் யூகித்துக்கொண்டே இருக்கும் பாரம் செல்வி தலையில் விழுந்திருக்கிறது. "கை வைத்துக் காட்டட்டுமா, சொல்லிக் காட்டட்டுமா?" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டிருந்தால் அந்தப் பாரம் இருந்திருக்காது. தூரத்துக்கும் அதே வழி. நகர்த்தக்கூடிய நாற்காலி போடுங்கள். எங்கே உட்காருவது என்று வருகிறவர் முடிவு செய்யட்டும்.

ராகவன்: நாற்காலி யோசனை சரி. மற்றதை ஏற்கவில்லை.

ஏற்க வேண்டாம். நவீனுக்குச் சொன்ன மாதிரி உங்கள் குறிப்புகளைப் புரட்டிவிட்டு வாருங்கள், சண்டையைத் தொடரலாம்.

அருள், நாகப்பட்டினம்: 2004 சுனாமிக்குப் பிறகு இந்தச் சிகிச்சை இங்கேயும் வந்ததே, பலன் இருந்ததா?

தமிழக மீனவக் கிராமங்களில் நடந்தது பற்றி 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. பலருக்குத் தொல்லை குறைந்ததாகச் சொல்கிறது. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடவில்லை, ஆகவே காலம் ஆற்றியது எவ்வளவு, சிகிச்சை ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கார்த்திக்: இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு. விளம்பரத்தில் 'உடல் பொய் சொல்லாது' என்று போட்டிருக்கிறார்கள். சேரலாமா?

மதுரை மாணவிக்கு எழுதியதைப் படித்த பிறகுமா? வேண்டாம்.

மாலா: யோகா செய்தால் இது தேவையில்லைதானே?

மூன்றாவது யோகா. அடுத்த கேள்வி.

தினேஷ்: இதில் சேர்ந்தால் தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

நான் டாக்டர் இல்லை. தானாக நிறுத்தாதீர்கள்; எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. தமிழில் பேசலாம்.