கேட்கத் தயங்கும் கேள்விகள்: கருத்தடை பற்றி ஒரு மகப்பேறு மருத்துவர்

கேள்வி: டாக்டர், ஆணுறை கிழிந்துவிட்டது. மருந்துக்கடையில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் "அதெல்லாம் வைக்கிறதில்லை" என்கிறார்கள். தடை இருக்கிறதா?

பதில்: தடை இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-லேயே வந்துவிட்டது. இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்கி வைப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஏற்கெனவே தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முதல் நாளே போட்டால் நல்லது. சனிக்கிழமை ராத்திரி நாலு கடை ஏறி இறங்கிவிட்டுத் திங்கட்கிழமை ஓ.பி.க்கு வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். கவனக்குறைவு என்று அவளைத் திட்டுவது அநியாயம். மாத்திரை கிடைக்காவிட்டால் ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ளுங்கள். அது மாத்திரையைவிட உறுதியானது.

கேள்வி: விந்து வருவதற்கு முன் வெளியே எடுத்துவிடுகிறோம். போதாதா?

பதில்: போதாது. அதை மட்டுமே நம்பும் 100 ஜோடிகளில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒரே வருடத்தில் கரு தங்குகிறது. காப்பர்-டியில் ஒருவருக்குக்கூட அபூர்வம்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. பயமில்லைதானே?

பதில்: பயம் இருக்கிறதம்மா. ஆறு மாதத்துக்கு உள்ளே, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் 'சாயா' மாத்திரை இலவசம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. பால் கொடுப்பவர்களும் போடலாம். கர்ப்பம் இல்லை என்று சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: பள்ளியிலேயே இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆசையைத் தூண்டிவிடாதா?

பதில்: ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. இங்கிலாந்தில் 1999-இல் பள்ளிப் பாடத்தையும் இளைஞர்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய கிளினிக்குகளையும் சேர்த்தே ஒரு திட்டம் தொடங்கினார்கள். 18 வயதுக்குக் கீழ் கருவுறும் விகிதம் பதினைந்து வருடத்தில் பாதிக்கும் மேல் குறைந்தது. இரண்டும் சேர்ந்து நடந்ததுதான் முக்கியம். பாடம் நடத்திவிட்டு, கடையில் போய்க் கேட்டால் முறைத்துப் பார்த்தால் என்ன பிரயோஜனம்?

கேள்வி: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எட்டு வாரக் கர்ப்பம். கலைக்க யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா?

பதில்: 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். கருத்தடை தவறிய காரணத்துக்காகக் கலைக்கும் உரிமை, கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு மணமாகாதவர்களுக்கும் உண்டு. தாமதிக்காதீர்கள். கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள், போதும். மனைவிக்கு ரத்தசோகை. நான் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. தழும்பே தெரியாத சின்ன சிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் உடனே பலன் தொடங்காது. மூன்று மாதம் ஆணுறை போடுங்கள், அப்புறம் விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வந்த பிறகே நிறுத்துங்கள்.