கிணற்று நீரும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறோம். மகளின் விருப்பத்துக்காக 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கிக் கிணற்று நீரை நிரப்பி, அன்றைக்கே 2 தங்கமீன், 1 ஏஞ்சல், 1 ஃபைட்டர், 6 கப்பி, 8 நியோன் டெட்ரா ஆகியவற்றை விட்டோம். இரண்டு வாரத்துக்குள் கப்பிகளின் வால்கள் கிழிந்துவிட்டன. நியோன்கள் ஒவ்வொன்றாக இறந்தன. எஞ்சியவையும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. எந்த மீன்களை ஒன்றாக வளர்க்கலாம்?

பதில்: மீனைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் உங்கள் நீர் எத்தகையது என்று அறிந்துகொள்ளுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஊர்களில் பல கிணறுகளின் நீர் சற்று உவர்ப்பாகவும் வன்னீராகவும் இருக்கும். சவர்க்காரம் எளிதில் நுரைக்காமல், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவும் பிடிக்குமானால் உங்களுடையதும் வன்னீரே. நியோன் டெட்ரா அமேசன் ஆற்றுப்படுகையின் அமிலத்தன்மையுள்ள மென்னீருக்குரிய மீன். குட்டி ஈனும் இனங்களான கப்பி, பிளட்டி, மொலி ஆகியனவோ வன்னீரில்தான் செழிக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்குரிய மீன்களைக் கிணறே பெரும்பாலும் தெரிவுசெய்துவிட்டது.

வால் கிழிந்ததற்கு ஃபைட்டரே காரணமாக இருக்க வேண்டும். நீண்ட, வண்ணமயமான வாலை விரித்து நீந்தும் ஆண் கப்பியைத் தன்னினப் போட்டியாளனாக எண்ணித் தாக்குவது அதன் இயல்பு. அதனைத் தனித்தொட்டியில் வையுங்கள். ஏஞ்சல் வளரும்போது செட்டைகளோடு சேர்த்து 15 சென்ரிமீற்றர் உயரத்தையும் எட்டக்கூடும். வாய்க்குள் அடங்கும் எந்தச் சிறுமீனையும் விழுங்கிவிடும். தங்கமீன் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது. குளிர்ந்த நீரை விரும்புவது. கழிவையும் மிகுதியாக வெளியேற்றுவது. கச்சான் எனும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டுத் தொட்டிகளின் வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தொடும்போது, நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைந்துவிடுவதால், அது படும் துன்பத்தைப் பார்க்கச் சகிக்காது. அதனால் இவ்விரண்டையும் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

உங்கள் தொட்டியில் நிற்பது ஏறத்தாழ 45 லீற்றர் நீரே. அதற்கு 6 கப்பியும் 4 பிளட்டியும் போதும். எல்லாம் ஆணாகவே இருக்கட்டும். கடையிலிருந்து வரும் பெண் கப்பி பெரும்பாலும் சினையாகவே வரும். அத்துடன் ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, மாதம் ஒரு முறை குட்டி ஈனும். சில மாதங்களில் தொட்டி நிரம்பி வழியும்.

உங்கள் கிணற்று நீர் உவர்ப்பற்ற மென்னீராக இருந்தால், கப்பிக்குப் பதிலாக 6 செர்ரி பார்ப் வளர்க்கலாம். நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரிய, 5 சென்ரிமீற்றர் மட்டுமே வளரும் சாதுவான மீன் அது. வளர்ப்பிடத்தில் பொரித்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். ஓடையிலிருந்து பிடித்தவற்றை வாங்கவேண்டாம். அதன் உறவான டைகர் பார்ப் செட்டைகளைக் கடிக்கும் பழக்கமுடையது. நீண்ட வாலுள்ள எதனோடும் சேராது.

இனி, மீன்கள் வாயைத் திறந்து மூடுவதற்கு வருகிறேன். புதிய தொட்டியில், மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை நஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். இன்றே தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுங்கள். காற்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். உணவைப் பாதியாகக் குறையுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள், ஏனெனில் குளோரீன் அந்தப் பற்றீரியாக்களைக் கொன்றுவிடும்.

கடைக்காரர் கண்ணாடியைச் சுத்தம் செய்யுமென்று சக்கர் மீனைத் தர முற்பட்டால் மறுத்துவிடுங்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். அப்படி வளர்ந்தவற்றை ஆற்றிலும் குளத்திலும் விட்டதனால் அது ஏற்கெனவே இலங்கை நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. உங்களுக்கு வேண்டாத தங்கமீனையும் ஏஞ்சலையும்கூட வாவியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள் என்று அன்போடு வேண்டுகிறேன்.